இருபது கிராம் குறைவு

படிவத்தை மரிவிக்தான் கொண்டுவந்தாள்.
வினிபெக்கில் பின்னேரம் ஐந்துக்கு முன்னமே
இருட்டிவிட்ட ஜனவரி.
யன்னலுக்கு வெளியே ஆறு உறைந்து கிடந்தது,
அதன்மேல் யாரோ சறுக்கிப் போனார்கள்.
யன்னலுக்கு உள்ளே
இன்னொரு கண்ணாடிக்குள் என் மகள்.
பெயர் இன்னும் வைக்கவில்லை.

வயது முப்பத்தைந்துக்கு மேலா?
மேல். முப்பத்தெட்டு.
புகைப்பதுண்டா? இல்லை.
இரட்டைக் கர்ப்பமா? இல்லை.
இரத்த அழுத்தம்? கொஞ்சம்.
முன்பு குறைமாதப் பிரசவம் நடந்ததா,
நடந்திருந்தால் எத்தனையாவது கிழமையில்?

பேனை அங்கே நின்றது.

நடந்தது.
செட்டிகுளத்தில், தறப்பாளின் கீழ்.
அங்கே கிழமையை யாரும் எண்ணவில்லை.
தண்ணி பவுசர் வந்த நாள், வராத நாள்
என்று இரண்டே நாட்கள்தான் இருந்தன.
'தெரியாது' என்று எழுதினேன்.
மரிவிக் எழுத்தைப் பார்த்தாள்,
அதற்குமேல் கேட்கவில்லை.

தொற்று ஏதும்?
சிறுநீரில்.
எப்போதிருந்து?

எப்போதிருந்து என்றால்,
உருளைக்கிழங்குத் துண்டுகளை உறையவைத்துப்
பையில் அடைக்கும் அந்த ஆலையில்
ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு தரம்தான் கழிவறை
என்று ஷேன் சொன்ன நாளிலிருந்து.
சொல்லவும் இல்லை அவன்.
கைக்கடிகாரத்தைப் பார்ப்பான், அவ்வளவுதான்.
நான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன்.
எரிந்தது.
உடம்புச் சூடு என்று நினைத்தேன்.
குளிரறைக்குள் இரண்டு ஜாக்கெட் போட்டுக்கொண்டு
சூடு என்று நினைத்த ஒரே ஆள்
நானாகத்தான் இருக்கும்.

தொற்றுக்குச் சதுரம் இருந்தது, சரி போட்டேன்.
கைக்கடிகாரத்துக்குச் சதுரம் இல்லை.

லண்டனிலிருந்து மச்சாள் சுகிர்தா:
'அன்னாசி சாப்பிட்டனியே?'
'மேல கையைத் தூக்கி ஏதும் எடுத்தனியே?'
'கிரகணத்தண்டு வெளியில போனனியே?'
அவவிடமும் ஒரு படிவம் இருக்கிறது.

ரெஜைனாவிலிருந்து லொறியைத் திருப்பிக்கொண்டு
ஆறு மணித்தியாலம் ஓடிவந்தான் கஜரூபன்.
சப்பாத்துப் பனி தரையில் கரையக் கரைய நின்றான்.
'எதாலயாம்?'
வழியெல்லாம் அவன் வேறு ஏதாவது கேட்கப் பழகியிருக்கலாம்.
டொக்டர்தான் பதில் சொன்னார்:
இதில் ஏதாவதொன்று, எல்லாம் சேர்ந்து,
அல்லது ஒன்றுமேயில்லை.
பலருக்குக் கடைசிவரை தெரிவதில்லை.
ஆறுதலுக்குத்தான் சொன்னார்.
காரணம் இருந்தால் அதைத் திட்டவாவது செய்வேன்.

எடை எண்ணூற்றி எண்பது.

எனக்கு அந்த எடையைக் கையால் தெரியும்,
ஓர் இரவில் நாலாயிரம் தரம் தெரியும்.
எங்கள் பை தொள்ளாயிரம் கிராம்.
குறைந்தால் பட்டியின் ஓரத்தில் ஓர் இரும்புக் கை நீண்டு
சத்தமில்லாமல் பக்கத்துத் தொட்டிக்குள் தட்டிவிடும்.
இருபது கிராம் குறைவு.
அந்தக் கை எங்கே இருக்கிறதென்று
அறை முழுக்கத் தேடினேன்.

திரை அலறியது.
மரிவிக் ஓடிவரவில்லை, நடந்துதான் வந்தாள்.
வட்டத் துளைக்குள்ளால் கையை விட்டு
உள்ளங்காலில் ஒரு விரலால் மெல்லச் சுண்டினாள்.
மகள் நெளிந்தாள்.
நெஞ்சு மறுபடி எழுந்தது.
'இவ்வளவு வேளைக்கு வந்தால்
மூச்சுவிட மறந்துபோவார்கள்,' என்றாள்.
'ஞாபகப்படுத்தவேணும். அடுத்த தரம் நீ.'

படிவத்தில் பின்பக்கம் மிச்சம் இருக்கிறது.
மேசையில் கிடக்கட்டும்.
முழங்கைவரை கழுவிவிட்டேன்.
கடிகாரம், வளையல் எல்லாம் கழற்றச் சொன்னார்கள்.
வெறும் மணிக்கட்டோடு துளைக்குள் கை,
அந்தப் பாதத்துக்குப் பக்கத்தில்
என் சுட்டுவிரல்.
அவளின் முழுப் பாதமும்
என் விரலின் மேற்கணு அளவு.

கொஞ்ச நேரமாகச் சிறுநீர் முட்டுகிறது.
போகலாம்.
இங்கே யாரும் நேரம் பார்ப்பதில்லை.
போகிறேன்,
இன்னும் ஒரு மூச்சு பார்த்துவிட்டு.